சத்தம் போட்ட சிறகு

உல்பிகேயின் மகனுடைய குல்லாயில் ஆந்தை இறகு செருகியிருந்தது. முதல் இரண்டு பிள்ளைகளையும் பறிகொடுத்தவள் அவள். மூன்றாவதுக்குக் கண் படாமல் காக்க அந்தக் கஜாக் புல்வெளியில் அதைவிட நல்ல காவல் கிடையாது. ஆனால் இறகு தந்த ஆந்தை உயிரோடு இருக்க வேண்டும். அவள் தாய்வீட்டில் அப்படித்தான் சொல்வார்கள்.

ஆந்தையைப் பிடித்து வந்த கொழுந்தன் எர்டென் இருக்கிறானே, மகராசன், அதன் நெஞ்சில் நாலு பொடி இறகு எடுத்தால் போதாதா? அழகாயிருக்கிறதென்று இறக்கை ஓரத்தில் சீப்புப்பல் வைத்த நீள இறகுகளையே பார்த்துப் பிடுங்கிவிட்டான். காற்றைச் சத்தமில்லாமல் கோதிவிடுபவை அவைதான். விடுவித்த ஆந்தை கொட்டிலையே சுற்றிக்கொண்டு கிடந்தது. அது பறக்கும் 'புஸ் புஸ்' வீட்டுக்குள்ளேயே கேட்டது. எலிக்குக் கேட்காதா? தினமும் இரை சிக்காமல் வெறுங்காலோடு திரும்பி, கடைசியில் கொட்டில் வாசலில் சுருண்டு விழுந்தது.

அதைப் பார்த்தாள் உல்பிகே. புகுந்த வீட்டு ஆண்களை மருமகள் பேர் சொல்லிக் கூப்பிடக் கூடாது. 'சின்ன ராசா' என்றே அழைத்து வந்தவள், அன்று தெருவுக்கே கேட்கக் கத்தினாள்.

"டேய் எர்டென்!"

"ஐயையோ, அண்ணி பேரையே சொல்லிட்டாங்க! நான் செத்தேன்!"

"நீ எங்க சாகப்போற? அது செத்தா என் புள்ள..." பிள்ளையின் குல்லாயைப் பிடித்துக்கொண்டு அழுதாள்.

அவன் முகத்தில் விளையாட்டு அடங்கியது. "அழாதீங்க அண்ணி. பிடுங்கினதுதானே, திரும்ப முளைக்கும். அதுவரைக்கும் நான் எலி பிடிச்சுப் போடுறேன்."

"நீயா? உன் நடைக்கு ஒட்டகமே முழிச்சுக்கும்!"

ஆனாலும் பிடித்தான், பொறி வைத்தும் விழுந்து புரண்டும். நன்றிகெட்ட ஆந்தை அவன் கட்டைவிரலைக் கிழித்தது. பிள்ளைக்குப் பல் முளைத்த நாட்களில் அதன் இறக்கையிலும் புது இறகு எட்டிப் பார்த்தது.

கோடை பிறந்தது. ஒருநாள் பொழுது சாய்ந்து கொட்டில் இருண்டதும், கூடையில் வைத்துக் காத்த ஆந்தையை அங்கே திறந்துவிட்டார்கள். அது உத்தரத்தில் ஏறித் தலையைச் சாய்த்தது. காதால் தேடுகிறது. வைக்கோலுக்கடியில் எங்கோ லேசான சரசரப்பு. இதோ, 'புஸ்' கேட்கப்போகிறது என்று உல்பிகே பிள்ளையை இறுக்கிக்கொண்டாள்.

முகத்தில் காற்றுப் பட்டது, அவ்வளவுதான். உடனே வைக்கோலில் ஒரு 'கீச்'.

"பறந்துச்சா அண்ணி?" எர்டென் கிசுகிசுத்தான். "எனக்கு ஒண்ணுமே கேட்கலையே!"

"எனக்கும் கேட்கலடா!" என்று பிள்ளையைத் தூக்கிக் குதித்தாள் உல்பிகே. "எனக்கும் ஒண்ணுமே கேட்கல!"