பிரேக் மிதி

தொண்ணூறுகளின் கடைசியில், பவானிபூரில் தபன் வைத்திருந்த வீடியோ கேம் கடையில், கார் பந்தய மெஷினின் பிரேக் மிதி ஒடிந்து இரண்டு துர்கா பூஜை கழிந்தும் ஒருவரும் கவனிக்கவில்லை. மிதி இருந்த பொந்தில் ஓர் எலி குடித்தனம் வைத்து, பேரன் பேத்தி எடுத்து, இடம் போதாமல் வேறு வீடு பார்த்துப் போயிற்று.

முதலில் கவனித்தவர் துறைமுக ஆபீஸ் கோபு; தபனுக்கு அவர் 'காகு', அதாவது சித்தப்பா மாதிரி. அவர் மகன் கௌசிக் பைக்கில் பறந்து லாரியில் மோதி இறந்து ஒரு மாதம் ஆகியிருந்தது. அவன் சாப்பாட்டையும் மறந்து விளையாடிய அந்த சீட்டில் உட்கார்ந்து, காலால் துழாவினார்.

"பிரேக் எங்கேப்பா?"

"அதை யாரு கேக்கறா, காகு? எல்லாருக்கும் ஸ்பீடுதான் வேணும். மோதினாலும் வண்டி தானா எழுந்து ஓடும்."

"எழுந்து ஓடுமா?" என்றார் கோபு.

மறுநாளே தபன் புது மிதி வாங்கி மாட்டினான்.

அதிலிருந்து கோபு தினமும் ஆபீஸ் விட்டதும் வருவார். கிளம்பின காரை ஓரங்கட்டி, மிதியிலிருந்து காலை எடுக்காமல், நேரம் தீரும்வரை உட்கார்ந்திருப்பார். மற்ற கார்களெல்லாம் பறந்து போகும். அவருடையது மட்டும் பத்திரமாக நிற்கும்.