நிரந்தர முகவரி

அப்பாவின் பெயர், வயது, மதம் வரைக்கும் சாரா நிறுத்தாமல் எழுதினாள். அடுத்த வரியில் பேனா நின்றுவிட்டது. ‘இறந்தவரின் நிரந்தர முகவரி’ என்று அச்சடித்து, கீழே மூன்று கோடுகள் விட்டிருந்தார்கள். அவளுக்கு அந்த இடம் ரொம்பப் பெரிதாகத் தெரிந்தது.

“மெதுவா எழுதுங்கம்மணி,” என்றார் ஜன்னலுக்கு அந்தப் பக்கம் இருந்த ஆஸ்பத்திரி எழுத்தர் மயில்சாமி. “அந்த எடத்தை மட்டும் காலியா உட்றாதீங்க. கம்ப்யூட்டரு எடுத்துக்காது.”

வெள்ளிக்கிழமை, மணி பதினொன்றரை. பிணவறைக்கு வெளியே அவள் கணவன் வின்ஸ்டன் அமரர் ஊர்தி ஓட்டுநரிடம் எதையோ பேசிக்கொண்டிருந்தான். சாராவுக்குப் பக்கத்தில் வழக்கறிஞர் சைத்ரா நின்றிருந்தாள். முப்பது வயதுகூட இருக்காது. கருப்புக் கோட்டை மடித்துக் கையில் போட்டிருந்தாள். திங்கட்கிழமை விடியலில் இறந்துபோன சந்தியாகுவின் சட்டைப் பையில் போலீசார் கண்டெடுத்த ஒரே காகிதம் சைத்ராவின் விசிட்டிங் கார்டு. அதை வைத்து அவளைத் தேடிப் பிடித்து, அவள் மூலமாகச் சாராவுக்குத் தகவல் வந்தபோது வியாழக்கிழமை ஆகிவிட்டது.

“அக்கா, ‘வீடு இல்லை, காந்திபுரம் நடைபாதை’ன்னு எழுதுங்க,” என்றாள் சைத்ரா தாழ்ந்த குரலில். “கோர்ட்டு மனுவுல அப்படித்தான் இருக்கு.”

மயில்சாமிக்கு அது கேட்டுவிட்டது. அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். அப்படி எழுதினால் ஆதரவற்ற பிணம் என்ற கணக்கில் போய்விடும், மகளாகவே இருந்தாலும் ஸ்டேஷனிலிருந்து இன்னொரு கடிதம் வேண்டும், கையெழுத்துப் போடுகிற அதிகாரி பந்தோபஸ்துக்குப் போயிருக்கிறார், திங்கட்கிழமைதான் வருவார் என்று விதியைச் சொல்கிற குரலில் இல்லாமல், வருத்தப்படுகிற குரலில் சொன்னார். பிறகு, “ஏற்கனவே நாலு நாளாயிருச்சுங்கம்மணி,” என்று மட்டும் சேர்த்துக்கொண்டார்.

சாராவுக்குக் கல்லறைத் தோட்டம் நினைவுக்கு வந்தது. பங்குச் சாமியார் நாலு மணிக்கு நேரம் கொடுத்திருந்தார். காலையிலேயே குழி வெட்டியாகிவிட்டது. வெட்டிய குழியை ஒரு ராத்திரி சும்மா விடக்கூடாது, விட்டால் அது இன்னொரு ஆளைக் கேட்கும் என்று குழி வெட்டுகிறவர் போனில் இரண்டு தடவை சொல்லியிருந்தார்.

சைத்ராவுக்கும் ஒரு நேரம் இருந்தது. இரண்டேகால். சென்னையில் உயர் நீதிமன்றத்தில் அப்பாவின் வழக்கு அன்றைக்கு வருகிறது. அவளுடைய சீனியர் அங்கே காத்திருந்தார்.

சந்தியாகு காந்திபுரத்தில் ஆம்னி பஸ்களுக்குப் பார்சல் ஏற்றி இறக்கியவர். பகலெல்லாம் மூட்டை. கடைகள் சாத்தியபின் ஒரு துணிக்கடை ஷட்டருக்கு முன்னால் படுக்கை. பிச்சைக்காரர் என்று மூன்று முறை அவரைப் பிடித்துப் போனார்கள். மூன்றாவது முறை மாஜிஸ்திரேட்டின் முன்னால் அவர் ஒன்றும் பேசாமல் இரண்டு உள்ளங்கைகளையும் விரித்துக் காட்டினாராம், காய்ப்பைப் பார்த்துக்கொள்ளட்டும் என்று. வேறு வேலையாக அங்கே வந்திருந்த சைத்ரா அதைப் பார்த்தாள். வழக்கு அப்படித்தான் பிறந்தது. படுக்க இடமில்லாதவன் தெருவில் படுப்பது குற்றம் ஆகாது. அவனை அங்கிருந்து எழுப்புவதற்கு முன்னால் அவனுக்கு ஓர் அறை கொடுக்க வேண்டும். ஊருக்கு வெளியே அரசு கட்டிப் பூட்டி வைத்திருக்கிற அடுக்கு வீடுகளில் இருநூறுக்கு மேல் காலியாகக் கிடக்கின்றன. மனு கேட்டது இவ்வளவுதான்.

ஆறு பேர் கையெழுத்துப் போட்டார்கள். ஒருவர் இறந்தார். இரண்டு பேர் ஊரைவிட்டே போனார்கள். இரண்டு பேர் பயந்து விலகினார்கள். அப்பா மிஞ்சினார்.

ஒருமுறை சைத்ரா அவரை அந்தப் பூட்டிய வீடுகளில் ஒன்றைப் பார்க்கக் கூட்டிப் போயிருந்தாள். காவலாளி திறந்துவிட்டான். அப்பா உள்ளே போய்க் கதவைச் சாத்தி உட்தாழ்ப்பாள் போட்டுக்கொண்டார். ஐந்து நிமிடம், பத்து நிமிடம், சத்தமே இல்லை. சைத்ரா தட்டவில்லை. வெளியே வந்தபோது அவர் சொன்னது, “தாப்பா நல்லா உழுகுதுங்க வக்கீலம்மா,” என்பது மட்டுமே.

எதிர்த்தரப்பின் பதில் மனுவில் ஒரு வரி இருந்தது. இவருக்கு மகள் இருக்கிறாள், பெரியநாயக்கன்பாளையத்தில் வீடு இருக்கிறது, விருப்பப்பட்டுத்தான் தெருவில் படுக்கிறார். சைத்ரா இரண்டு வருஷமாகச் சண்டை போட்டது அந்த ஒரு வரியோடுதான். மகளுக்கே ஒற்றை அறை, அதுவும் வாடகை என்று எழுதிக் கொடுத்திருந்தாள். இப்போது சாரா தன் விலாசத்தை எழுதினால் அந்த வரி அரசாங்கப் பதிவேட்டில் உண்மையாகிவிடும்.

“எழுதாம இருந்தா ஜெயிச்சுருமாங்க?” என்று சாரா கேட்டாள்.

சைத்ரா கைக்கடிகாரத்தைப் பார்த்தாள். “நான் அவர் எடத்துல உங்க பேரைச் சேர்க்கச் சொல்லிக் கேக்கலாம்க்கா. அவரு எப்படிச் செத்தாருன்னு கோர்ட்டுல சொல்லலாம். ஜெயிக்குமான்னு தெரியாது. வழக்கு உசுரோட இருக்கும்.”

எப்படி இறந்தார் என்பதை யாகூப்தான் முந்தின நாள் சொன்னான். பக்கத்து ஷட்டரில் படுப்பவன். நகரத்தில் ஏதோ மாநாடு. ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் ஒரு வேன் வந்து நடைபாதையில் இருந்த பதினொரு பேரை ஏற்றிக்கொண்டு, தொண்டாமுத்தூர் தாண்டி மலையடிவாரத்தில் இறக்கிவிட்டது. மூன்று நாள் கழித்து வாருங்கள் என்றார்களாம். யானை இறங்குகிற இடம் என்று பயந்து எல்லோரும் ஊரைப் பார்த்து நடந்தார்கள். சந்தியாகுவால் முடியவில்லை. ஒரு பஸ் நிழற்குடையில் உட்கார்ந்து, நீ போ, நான் முதல் பஸ்ஸில் வாரேன் என்று யாகூப்பை அனுப்பிவிட்டார். அந்த முதல் பஸ் வந்தபோது அவர் உயிரோடு இல்லை. இதைக் கோர்ட்டில் சொல்ல முடியுமா என்று சைத்ரா கேட்டதற்கு யாகூப் கும்பிட்டான். “கேஸு கீஸெல்லாம் வேண்டாங்க. நான் இன்னும் அங்கதான படுக்கோணும்?”

சாரா படிவத்தைப் பார்த்தாள். அவளுக்கு மூன்று வருஷத்துக்கு முந்தைய ஒரு சாயங்காலம் தெரிந்தது. அப்பா அவர்களோடு இரண்டு மாதம் இருந்தார். அடுப்புக்கும் பீரோவுக்கும் நடுவில் பாய். ஆறு குடும்பங்கள் இருந்த லைன் வீடு அது. வீட்டுக்கு நாலு தலைதான் என்று வீட்டுக்கார அம்மா நஞ்சம்மாள் ஒருதரம் சொன்னாள், பிறகு இன்னொரு தரம் சொன்னாள். மூன்றாவது தரம் சொல்வதற்குள் சாராவே சொல்லிவிட்டாள். கொஞ்ச நாளைக்கு வேற எடம் பாத்துக்குங்கப்பா. அப்பா கோபப்படவில்லை. செரி கண்ணு என்றார். போகும்போது பாயைச் சுருட்டிச் சுவரோரம் வைத்து, அது சாயாமல் நிற்கிறதா என்று பார்த்துவிட்டுப் போனார். அதற்குப் பிறகு அவர் வந்த ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் வாசல்படியிலேயே உட்கார்ந்து டீ குடித்தார். உள்ளே வாங்க என்றால், சட்டையெல்லாம் அழுக்கு என்பார்.

அவள் எழுதத் தொடங்கினாள். கதவு எண். லைன் வீடு. தெருவின் பெயர். பெரியநாயக்கன்பாளையம். இப்போது கை எங்கும் நிற்கவில்லை. மூன்று கோடுகளும் நிரம்பின. பின்கோடு எழுதும்போது பள்ளிக்கூடத்தில் எழுதுவதுபோல ஒவ்வொரு எண்ணையும் தனித்தனியாக எழுதினாள்.

சைத்ரா அதை வாசித்தாள். கோட்டை ஒரு கையிலிருந்து இன்னொரு கைக்கு மாற்றிக்கொண்டாள்.

“அங்க கேட்டாங்கன்னா நான் பொய் சொல்ல முடியாதுக்கா,” என்றாள் பிறகு.

“தெரியுங்க.”

நேராகப் பங்குக் கோயிலுக்குப் போய்விடலாம் என்று சாரா நினைத்திருந்தாள். ஊர்தி ஓட்டுநர் சீட்டைக் காட்டி, இதில் எந்த விலாசம் இருக்கிறதோ அங்கேதான் இறக்க முடியும் என்றார். வழியில் வேறெங்கும் நிறுத்தக்கூடாதாம். வின்ஸ்டன் அவள் முகத்தைப் பார்த்தான். “ஊட்டுக்குக் கொண்டுபோய் ஜெபம் பண்ணிப்போட்டுத்தான எடுக்கோணும், சாரா. மொறையும் அதுதான,” என்றான்.

மேட்டுப்பாளையம் ரோடு முழுக்க அவள் ஊர்தியின் பின்பக்கப் பலகையில் அப்பாவின் காலருகே உட்கார்ந்திருந்தாள். சிறிய ஜன்னல் வழியாகப் பட்டறைகளும் பேக்கரிகளும் போயின. ஒரு சிக்னலில் வண்டி நின்றபோது அப்பாவின் உடம்பு கொஞ்சம் முன்னால் நகர்ந்து, அவள் முழங்காலில் பட்டு, திரும்பிப் போயிற்று.

லைன் வீட்டின் இரும்பு கேட் சாத்தியிருந்தது. நஞ்சம்மாள் அதற்கு வெளியே வந்து நின்றிருந்தாள். அவள் கண்கள் உண்மையாகவே கலங்கியிருந்தன. நல்ல மனுசன், ஒருநாள் ஒரு சொல் ஏறப் பேசினதில்லை என்றாள். முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டாள். வின்ஸ்டன் கேட்டின் மேல் கை வைத்தபோது அவள் சாராவின் முழங்கையைத் தொட்டாள்.

“உள்ளார வேண்டாம் கண்ணு. தண்ணித் தொட்டி பொதுவுல இருக்குது. அஞ்சு ஊட்டுக்காரங்க பொழங்கற எடம், நாளைக்கு என்னையத்தான் கேப்பாங்க. இப்புடி வெளிய வெச்சுக்குங்க. நானு பெஞ்சு தாரேன், சேர் தாரேன், டீக்குச் சொல்லிப்போட்டேன்.”

அது கோபப்பட முடியாத குரல். சாராவுக்கு அந்தக் குரலைத் தெரியும். அவளும் ஒருநாள் அதே குரலில்தான் பேசியிருந்தாள்.

நஞ்சம்மாளின் பெஞ்சைத் தெருவில் போட்டு, மேலே வெள்ளைத்துணி விரித்து, அப்பாவைக் கிடத்தினார்கள். வின்ஸ்டனின் பட்டறையிலிருந்து மூன்று பேர் வந்தார்கள். பக்கத்து வீட்டு ஜோஸ்லின் மெழுகுவர்த்தி கொண்டுவந்தாள். காற்றில் அது நிற்கவில்லை. இரண்டு தரம் ஏற்றிவிட்டு விட்டுவிட்டாள். பிள்ளைகள் இரண்டும் பள்ளிக்கூடத்திலிருந்து பாதியிலேயே வந்து, தாத்தா எதற்கு ரோட்டில் படுத்திருக்கிறார் என்று கேட்காமல், பையைத் தோளிலிருந்து இறக்காமல் நின்றன.

மூன்று மணிக்குச் சைத்ரா கூப்பிட்டாள்.

“கேஸை முடிச்சுட்டாங்கக்கா.”

சாரா போனைக் காதோடு அழுத்திக்கொண்டாள்.

“எறந்தவரோட முகவரி என்னன்னுதான் மொதல்ல கேட்டாங்க. சீனியர் எனக்குப் போன் பண்ணாரு. நீங்க எழுதுனதை நான் பாக்கலைன்னு சொல்லியிருக்கலாம். சொல்ல வரலைக்கா.”

“சொல்லக்கூடாதுங்க.”

“வேற யாராச்சும் பாதிக்கப்பட்டவங்க வந்தா புதுசா மனு போட்டுக்கலாமாம். உத்தரவுல அப்படி எழுதியிருக்காங்க.”

“வருவாங்களா?”

அந்தப் பக்கம் பஸ்களின் ஹாரன் கேட்டது. சைத்ரா காந்திபுரத்தில்தான் நின்றுகொண்டிருக்க வேண்டும். நாலு மணிக்குக் கோயிலுக்கு வந்துவிடுகிறேன் என்று சொல்லிவிட்டுப் போனை வைத்தாள்.

தெருமுனையில் ஒரு தண்ணீர் லாரி திரும்பியது. பெஞ்சைப் பார்த்ததும் எஞ்சினை நிறுத்திவிட்டு ஓட்டுநர் இறங்கி வந்தார். தலையில் கட்டியிருந்த துண்டை அவிழ்த்துக் கையில் வைத்துக்கொண்டார்.

“ஏனுங்க, தப்பா நெனைக்காதீங்க,” என்றார் வின்ஸ்டனிடம். “கொஞ்சம் ஓரமா எடுத்து வெச்சுக்கிறீங்களா? வண்டி போக எடம் பத்தலைங்க.”

பட்டறைக்காரர்கள் ஒரு பக்கமும் வின்ஸ்டன் ஒரு பக்கமும் பிடித்தார்கள். தலைமாட்டைச் சாரா பிடித்தாள். பெஞ்சு அவ்வளவு கனமாக இல்லை. சாக்கடை ஓரமாக, காம்பவுண்டுச் சுவரை ஒட்டி வைத்தார்கள். லாரி மெதுவாக, அவர்கள் மேல் உரசாமல் கடந்து போயிற்று.

மறுபடியும் கேட்டுக்கு நேராகக் கொண்டுபோய்ப் போடலாமா என்று வின்ஸ்டன் கேட்டான். சாரா சுவரைப் பார்த்தாள். அதன் நிழல் ஒரு முழ அகலத்துக்கு அப்பாவின் முகம் வரைக்கும் வந்திருந்தது.

“இங்கியே இருக்கட்டுங்க,” என்றாள்.

முன்பு பெஞ்சு இருந்த இடத்தில் அதன் கால்கள் அழுந்திய குழிகள் மண்ணில் அப்படியே இருந்தன. ஒரு மொபெட் வந்தது. அதன் பின்னால் ஒரு பள்ளிக்கூட வேன் வந்தது. அவை அந்தக் குழிகளின் மேலேயே ஏறிப் போயின.