பல்லேபொல, நாவுல, லக்கல

பவாஸ் நல்ல பிள்ளை. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், பிறகு இந்த அஜிதாவுக்கு அந்தப் பிள்ளையைக் கண்ணில் காட்டக் கூடாது என்று யாரும் கதை கட்டக் கூடாது. எரிச்சல் இருந்ததா என்றால் இருந்தது. வயிறு பற்றி எரிந்தது. நான் என்ன செய்ய? என் மகன் மதுரன் ஏழு வயதிலிருந்து மேசைப்பந்து ஆடுகிறான். மாத்தளை டவுனில் நிஸ்தார் சேர் நடத்தும் கிளப்புக்கு அவனைக் கூட்டிப் போனதும் நான்தான், கூட்டி வந்ததும் நான்தான். பிரதேச செயலகத்தில் வேலை முடிந்ததும், சாரியைக்கூட மாற்றாமல், அந்த வாங்கில் போய் உட்கார்ந்து பந்துச் சத்தம் கேட்டுக் கேட்டே எனக்குக் காது மரத்துப்போயிருக்கிறது. பவாஸ் கிளப்புக்கு வந்தது மூன்று வருஷம் கழித்து. வந்து ஒரு வருஷம் ஆகவில்லை, என் மகனைத் தோற்கடித்துவிட்டான்.

"அஜிதா மிஸ், இந்தப் பையனோட கையப் பாருங்க," என்றார் நிஸ்தார் சேர் அன்றைக்கு. "இது பழகி வர்ற கை இல்ல. பிறவிக் கை."

அப்போ என் பிள்ளையின் கை என்ன, கடையில் வாங்கியதா? வாய் வரைக்கும் வந்தது. "ஆமாங்க சேர்," என்று பல்லைக் காட்டிவிட்டு வந்தேன்.

இதில் வேடிக்கை என்னவென்றால், இரண்டு பையன்களும் உயிருக்கு உயிர். இப்போது இருவருக்கும் பதினாலு வயது. இரட்டையர் ஆட்டத்தில் சேர்ந்துதான் ஆடுவார்கள். பவாஸ் எங்கள் வீட்டுக்கு வந்தால் உரிமையோடு குசினிக்குள் போய்ச் சட்டியைத் திறந்து பார்ப்பான். "ஆன்ட்டி, இன்னைக்கு என்ன கறி?" என்பான். நானும் போட்டுக் கொடுப்பேன். சோறு போடுகிற கைக்கும் எரிகிற வயிற்றுக்கும் சம்பந்தமில்லை.

அவன் உம்மா ஸஜீதா இன்னும் மோசம். மோசம் என்றால், அவ்வளவு நல்லவள். என்னை அக்கா என்றுதான் கூப்பிடுவாள். மகன் வெற்றிக் கிண்ணம் வாங்கினால் அதைத் தூக்கிக்கொண்டு முதலில் என்னிடம்தான் வருவாள். "உங்கட சத்தத்தால வந்தது அக்கா," என்பாள். அப்படிச் சொன்னால் நான் எப்படிப் பொறாமைப்படுவது? இருந்தாலும் பட்டேன்.

என் சத்தத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும். கேலரியில் இருப்பவர்கள் ஆட்டக்காரனுக்கு வழி சொல்லக் கூடாது என்று ஒரு சட்டம் இருக்கிறதாம். எந்த அம்மா கேட்கிறாள்? கண்டியிலிருந்து வருகிறவர்கள் சிங்களத்தில் கத்துவார்கள், கொழும்புக்காரர்கள் இங்கிலீஷில் கத்துவார்கள். நாமும் தமிழில் கத்தினால் பாதிப் பேருக்குப் புரிந்துவிடும். அதனால் நானே ஒரு வழி கண்டுபிடித்தேன். எங்கள் மாவட்டத்து ஊர்ப் பெயர்கள். பல்லேபொல டவுனுக்குக் கிட்ட, ஆகவே பல்லேபொல என்றால் பந்தை வலைக்குப் பக்கத்தில் குட்டையாகப் போடு. நாவுல என்றால் நேரே எதிராளியின் நெஞ்சுக்கு அடி. லக்கலவுக்கு பஸ் கிடைப்பதே பெரும்பாடு. லக்கல என்றால் அவன் எட்டவே முடியாத மேசை ஓரத்துக்கு அடி. இரண்டு பையன்களும் ஒரே நாளில் பாடமாக்கிவிட்டார்கள். ஸஜீதாவுக்கும் தெரியும், ஆனால் அவளுக்குச் சபையில் வாயே திறக்காது. இரண்டு பிள்ளைகளுக்கும் சேர்த்துக் கத்துவது நான்தான்.

இந்த வருஷம் பதினைந்து வயதுக்குட்பட்டோருக்கான தேசியப் போட்டி எங்கள் மாத்தளையிலேயே நடந்தது. இறுதிப் போட்டிக்கு வருகிற இரண்டு பேருக்கும் தேசிய ஜூனியர் அணியில் இடம். வெளிநாட்டுக்கு ஆடப் போகலாம், நாட்டின் பெயர் போட்ட ஜேர்சி போடலாம். அந்த ஜேர்சியை மதுரன் போட்டிருப்பதை நான் எத்தனையோ தடவை மனதுக்குள் பார்த்துவிட்டேன். அளவுகூட எனக்குத் தெரியும்.

முதல் இரண்டு சுற்றிலும் என் தொண்டைக்கு நல்ல வேலை. நான் லக்கல, லக்கல என்று கத்த, பின்னால் இருந்த ஒரு மனுஷன் சிங்களத்தில், "அக்கே, பஸ் எத்தனை மணிக்கு?" என்று கேட்டான். சுற்றியிருந்தவர்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். சிரிக்கட்டும். இரண்டு பையன்களும் ஜெயித்தார்கள். ஜெயித்து வந்து கால் இறுதியில் நேருக்கு நேர் நின்றார்கள்.

மதியம் ஸஜீதா கொண்டுவந்த புரியாணியைச் சாப்பிட்டுக்கொண்டிருந்தோம். அவள் குரலைத் தாழ்த்திச் சொன்னாள். "அக்கா, மகன்ட குதிக்கால் காலையில இருந்து வலிக்குதாம். முன்னுக்கு எட்டு வெக்கக் கஷ்டமா ஈக்காம். நிஸ்தார் சேருக்கிட்ட சொல்ல வாணாம் எண்டு சொல்லிட்டான்."

"ஐயோ பாவம்," என்றேன். பாவம் என்றுதான் நினைத்தேன், சத்தியமாக. அடுத்த வாய் சோற்றை எடுப்பதற்குள் மனம் கணக்குப் போட்டுவிட்டது. முன்னுக்கு எட்டு வைக்க முடியாதவனுக்குக் குட்டைப் பந்து போட்டால் என்ன ஆகும்?

"அக்கா, இந்த மெட்ச்சுக்கு நாம ரெண்டு பேரும் வாயத் திறக்க வாணாம், என்ன? ரெண்டும் நம்மட புள்ளைகள்தானே," என்றாள் ஸஜீதா.

"அதெல்லாம் நீங்க சொல்லணுமா? நான் வாயத் திறந்தா ஏன்னு கேளுங்க," என்றேன்.

ஒரே கிளப் பையன்கள் இருவர் மோதினால் நிஸ்தார் சேர் யார் பக்கமும் உட்காரமாட்டார். அவர் தேநீர் குடிக்கப் போய்விட்டார். மேசையில் பையன்கள் இரண்டு பேர், மேலே நாங்கள் இரண்டு பேர். முதல் செட் பவாஸுக்கு, இரண்டாவது மதுரனுக்கு, மூன்றாவது பவாஸுக்கு. நான்காவது செட்டை மதுரன் எடுத்தபோது நான் சாரித் தலைப்பை வாயில் அடைத்துக்கொண்டிருந்தேன். கடைசிச் செட்டில் ஒன்பதுக்கு ஒன்பது. சேர்வ் மதுரனுடையது, அடுத்தடுத்து இரண்டு. இரண்டையும் எடுத்தால் என் பிள்ளை அரை இறுதியில்.

மதுரன் பந்தை உள்ளங்கையில் வைத்துக் குனிந்தான். நீளமாகத்தான் போடப்போகிறான் என்று அவன் தோளைப் பார்த்தே எனக்குத் தெரிந்தது. மடையா, அவனுக்குக் கால் வலிக்கிறதே! என் வாய் என்னைக் கேட்கவில்லை.

"பல்லேபொல!"

அரங்கத்தின் கூரையில் பட்டுத் திரும்பி வந்தது என் குரல். இத்தனை வருஷமாக அந்தக் குரலுக்குப் பழகிய கை, பந்தைக் குட்டையாகப் போட்டது. பந்து வலையைத் தாண்டுவதற்கு முன்பே பவாஸ் அங்கே நின்றுகொண்டிருந்தான். ஏன் நிற்கமாட்டான்? அவனுக்கும் அதே பாடத்தை அதே நாளில் சொல்லிக் கொடுத்தவள் நான்தானே. நொண்டிக்கொண்டே வந்து ஒரு தட்டுத் தட்டினான். பத்துக்கு ஒன்பது.

புத்தியுள்ளவள் அதோடு நிறுத்தியிருப்பாள். எனக்குப் பதற்றத்தில் கண் மண் தெரியவில்லை. அடுத்த பந்து இரண்டு மூன்று முறை போய் வந்தது. பவாஸ் ஒரு பக்கமாக ஒதுங்குவதைக் கண்டதும் "லக்கல!" என்று இன்னொரு தடவை கத்தினேன். மதுரன் ஓரத்துக்கு அடித்தான். பவாஸ் லக்கலவில் காத்திருந்தான்.

அவ்வளவுதான். பவாஸ் கையைத் தூக்கிக் குதிக்கவில்லை. மேசையைச் சுற்றி வந்து மதுரனின் கழுத்தில் கையைப் போட்டான். நான் பக்கத்தில் திரும்பிப் பார்க்கவே இல்லை. ஸஜீதா புரியாணிச் சட்டியைத் துணியில் சுற்றிக் கட்டிக்கொண்டிருந்த சத்தம் மட்டும் கேட்டது.

மதுரன் மேலே ஏறி வந்து, தலையில் துவாயைப் போட்டுக்கொண்டு எனக்கு அடுத்து உட்கார்ந்தான்.

"அவன் கால் விஷயம் எனக்குத் தெரியாதுன்னு நெனச்சீங்களா?" என்றான் துவாய்க்குள்ளிருந்து. "காலையில பேண்டேஜ் சுத்திவிட்டது யாரு? அவன் குட்டப் பந்துக்குத்தான் பயந்துகிட்டு முன்னாலேயே வந்து நின்னான். அதனாலதான் நீளமா போடப் பாத்தேன்."

"எனக்கு எப்படிடா தெரியும்?"

"அதான் அம்மா. உங்களுக்கு எப்படித் தெரியும்?"

பின்னேரம் அரை இறுதி. பவாஸுக்கு எதிரே கொழும்புப் பையன் ஒருவன், நல்ல உயரம். இதில் ஜெயித்தால் பவாஸுக்குத் தேசிய அணி, அந்த ஜேர்சி. என் பிள்ளைக்கென்று நான் மனதுக்குள் தைத்து வைத்த ஜேர்சி. முதல் இரண்டு செட்டும் பவாஸுக்குப் போயிருந்தால் என் நெஞ்சு வெடித்திருக்கும், நல்லவேளை, போகவில்லை. கொழும்புப் பையன்தான் இரண்டையும் எடுத்தான். எனக்கு உள்ளுக்குள் குளுகுளுவென்று இருந்தது. இதையும் மறைக்க மாட்டேன். மறைத்து யாருக்கு என்ன லாபம்?

மூன்றாவது செட் தொடக்கத்தில் எனக்கு ஒன்று தெரிந்தது. அந்த உயரமான பையன் ஒவ்வொரு பந்துக்கும் பிறகு இடது மூலைக்கே ஒதுங்கி நிற்கிறான். வலது ஓரம் வெறிச்சென்று கிடக்கிறது. கீழே நாற்காலியில் இருக்கும் நிஸ்தார் சேருக்கு அது தெரியாது. மேலேயிருந்து பார்த்தால் அப்பட்டமாகத் தெரியும். ஒரே ஒரு சொல் போதும்.

பவாஸ் வியர்வையைத் துடைத்துக்கொண்டு கேலரியை அண்ணாந்து பார்த்தான். என்னைத்தான் பார்த்தான். மத்தியானம் நடந்ததெல்லாம் நடக்காததுபோல, குசினிச் சட்டியைத் திறப்பதற்கு முன்பு பார்க்கும் அதே பார்வை.

"அம்மா, கத்துங்க," என்றான் மதுரன்.

நான் தொண்டையில் கையை வைத்துக் காட்டினேன். "கட்டிருச்சுடா," என்று காற்றாகச் சொன்னேன். "காலையில இருந்து கத்தினது. சத்தமே வரல."

ஸஜீதாவுக்கு அது கேட்டுவிட்டது. தன் பிள்ளை அங்கே கீழே செத்துப் பிழைத்துக்கொண்டிருக்கிறான், இவள் பையைத் துழாவி ஃபிளாஸ்க்கை எடுத்தாள். "கொத்தமல்லி அவிச்ச தண்ணி அக்கா, இஞ்சியும் போட்டீக்கி. குடிங்க, தொண்டைக்கு நல்லம்," என்று மூடியில் ஊற்றிக் கொடுத்தாள். குடித்தேன். இன்னொன்று ஊற்றினாள். அதையும் குடித்தேன். வேண்டாம் என்று சொல்ல வாயைத் திறக்க முடியாதே. மூன்றாவதோடு ஃபிளாஸ்க் காலியாகிவிட்டது.

மதுரன் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு துவாயை எடுத்து வைத்துவிட்டு மேசையைப் பார்த்தான். கொஞ்ச நேரம்தான் பார்த்தான். எழுந்து படிகளில் தடதடவென்று இறங்கிப் போய், கேலரிக்கும் ஆடுகளத்துக்கும் நடுவே இருந்த கம்பியைப் பிடித்துக்கொண்டு கத்தினான்.

"லக்கல! பவாஸ், லக்கல!"

குரல் உடைகிற வயது, பாதியில் கீச்சிட்டுப் போனது. சனம் சிரித்தது. அவன் கவலைப்படவில்லை, மறுபடியும் கத்தினான். பவாஸ் ஒரு நொடி நிமிர்ந்து பார்த்துச் சிரித்தான். அடுத்த பந்து வலது ஓரத்தில் விழுந்து மின்னலாகப் போனது. அடுத்ததும் அங்கேதான். கொழும்புப் பையன் வலது பக்கம் ஓடப் பழகியதும் மதுரன் "நாவுல!" என்றான். எங்கே எப்போது எதைச் சொல்ல வேண்டும் என்று அவனுக்கு என்னைவிட நன்றாகத் தெரிந்திருந்தது. தன்னுடைய ஆட்டத்துக்கு வராத வெறி என் பிள்ளைக்கு அடுத்தவன் ஆட்டத்துக்கு வந்திருந்தது. மூன்றாவது, நான்காவது, ஐந்தாவது, மூன்று செட்டும் பவாஸுக்கு. கடைசிப் பந்து விழுந்ததும் பவாஸ் மட்டையைக் கீழே வைத்துவிட்டு முதலில் ஓடி வந்தது கம்பிக்கு. இரண்டு பேரும் கம்பிக்கு அந்தப்பக்கமும் இந்தப்பக்கமும் நின்று கட்டிப்பிடித்துக்கொண்டார்கள்.

மதுரன் மேலே வந்தபோது அவனுக்குச் சுத்தமாகக் குரல் இல்லை. உதடு மட்டும்தான் அசைந்தது. முகமெல்லாம் சிரிப்பு. ஸஜீதா அழுதுகொண்டே அவன் தலையைத் தடவினாள், "என்ட ராசா," என்றாள். ஃபிளாஸ்க்கை எடுத்து அவனுக்காகக் கவிழ்த்துப் பார்த்தாள். ஒரு சொட்டு விழுந்தது.

என் பிள்ளை. என் வயிற்றில் பிறந்த பிள்ளை. எனக்கு வந்த ஆத்திரத்தில் எதுவும் ஞாபகம் இருக்கவில்லை.

"ஒனக்கெதுக்குடா இந்த வேல? ஒன்னத் தோக்கடிச்சவனுக்காகத் தொண்டை கிழியக் கத்துறியே, அந்த எடம் ஒன்னோட எடம்டா!"

மணி அடித்ததுபோல வந்தது குரல். முன் வரிசைகளில் இருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். கீழே நிஸ்தார் சேர்கூட நிமிர்ந்தார். மதுரன் ஆச்சரியப்படவில்லை. அவன் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றான்.

ஸஜீதா காலி ஃபிளாஸ்க்கின் மூடியை மெதுவாகத் திருகி மூடினாள்.

"தொண்டை சொகமாகிட்டு அக்கா," என்றாள்.