முதலில் கைக்கு வந்தது

சித்திரபுரத்துக்கு மேலே, எஸ்டேட் லைன் வீடுகளில், வாசலுக்கு வாசல் ஆணியில் ஒரு பை தொங்கும். ரேஷன் கார்டு, ஆதார், பாஸ்புக், பி.எஃப். சீட்டு எல்லாம் பிளாஸ்டிக் கவரில் சுற்றி அதற்குள் இருக்கும். சில வருடங்களுக்கு முன் மலைக்கு அந்தப் பக்கம் மண் சரிந்து ஒரு லைன் அப்படியே போனது. உயிர் தப்பியவர்கள், தாங்கள் இன்னார்தான் என்று காட்டக் காகிதம் இல்லாமல் ஆபீஸ் ஆபீஸாக அலைந்ததைப் பார்த்த பிறகு வந்த பழக்கம் இது. செத்ததற்கும் சீட்டு, பிழைத்ததற்கும் சீட்டு என்றால் மனுசன் பின்னே என்னதான் செய்வான்? மழைக்காலத்தில் 'டம்' என்று சத்தம் கேட்டால் போதும், பையைத் தூக்கு, வெளியே ஓடு. அடுப்பில் பால் பொங்கினால் கை தன்னால் போகுமே, அந்த மாதிரி பையும் கைக்குப் பழகிவிட்டது.

ஆனந்திக்கும் அப்படித்தான் பழகியிருந்தது. அதுதான் அவளைக் கவிழ்த்தது.

அன்று காலை பதினோரு மணி இருக்கும். ஆனந்தியின் கணவன் சுருளிவேல் பேக்டரிக்குப் போயிருந்தான். அதே வீட்டில் குடியிருக்கிற அவன் தம்பி அஜய் டூரிஸ்டுகளை ஏற்றிக்கொண்டு ஜீப்போடு போய்விட்டான். அஜயின் மனைவி மோனிஷாவுக்கு ஒரு ரிசார்ட்டில் ரூம் சுத்தம் செய்கிற வேலை. அவர்களுடைய எட்டு மாதக் குழந்தை சிஞ்சு உள்ளறையில், சேலைத் தொட்டிலில் தூங்கிக்கொண்டிருந்தாள். கல்யாணமாகிப் பதினான்கு வருடமாகப் பிள்ளையில்லாத ஆனந்தியின் கையில்தான், மூன்று மாதக் குழந்தையாக இருந்த நாளிலிருந்து அவள் வளர்கிறாள். தோள்வலி வந்து கொழுந்து பறிப்பதை விட்டதற்காக ஆனந்தி வருத்தப்படாமல் இருந்தாள் என்றால், அதற்குச் சிஞ்சுதான் காரணம்.

பூமிக்கு அடியில் பெரிய லாரி ஒன்று போனது போல் சத்தம் வந்தது. தட்டில் இருந்த டம்ளர்கள் கிடுகிடுத்தன. அடுத்த நொடி ஆனந்தி வாசலில் நின்றாள். மார்போடு அணைத்துப் பிடித்திருந்தாள், பையை.

பக்கத்து வீட்டு அழகுத்தாயும் தன் பையோடு வெளியே வந்திருந்தாள். "ஏத்தா, புள்ள எங்க?" என்று அவள் கேட்ட பிறகுதான் ஆனந்திக்குச் சிஞ்சு ஞாபகம் வந்தது. பையைப் போட்டுவிட்டு உள்ளே ஓடினாள். சிஞ்சு விரலைச் சப்பியபடி நிம்மதியாகத் தூங்கிக்கொண்டிருந்தாள். வாரி எடுத்து இறுக்கிய இறுக்கில்தான் குழந்தை அழவே செய்தது.

நாலு எண்ணுவதற்குள் ஆட்டம் நின்றுவிட்டது. நாலு எண்ணுவதற்குள் ஒரு மனுஷி இத்தனை கேவலப்பட முடியுமா?

"யாருட்டயும் சொல்லிராதீங்க மயினி" என்று ஆனந்தி கெஞ்சினாள். அழகுத்தாய் தலையில் அடித்துச் சத்தியம் செய்தாள். அவள் வாயில் எதுவும் இரண்டு நாளுக்கு மேல் தங்கியதாகச் சரித்திரம் இல்லை. மூன்றாம் நாள் பைப்படியில் எல்லோரையும் சிரிக்க வைக்க அவளுக்கு அந்தக் கதைதான் கிடைத்தது. குடத்தோடு வரிசையில் நின்ற மோனிஷா சிரிக்கவில்லை. அன்று ராத்திரி எல்லோரும் வீட்டில் இருக்கும்போது ஆனந்தியிடமே கேட்டாள்.

"அக்கா, பையத் தூக்கிட்டா ஓடுனீங்க?"

பொய் சொல்லியிருக்கலாம். ஆனந்திக்கு அந்தச் சாமர்த்தியம் கிடையாது. "ஆமா புள்ள. எப்படின்னே தெரியல" என்றாள்.

மோனிஷா கத்தவில்லை. கத்தியிருந்தால் பரவாயில்லை. குழந்தையின் துணிகளை ஒவ்வொன்றாக மடித்துக்கொண்டே சொன்னாள். "பெத்துருந்தா அப்படி ஓடத் தோணாதுக்கா."

"ஏ, வாய மூடு" என்று அஜய் அதட்டினான். அதட்டி என்ன, சொல் வெளியே வந்துவிட்டதே. சுருளிவேல் சோற்றுத் தட்டை நகர்த்திவிட்டு எழுந்து போனான். மறுநாளிலிருந்து சிஞ்சு எஸ்டேட் பிள்ளைக் காம்பராவுக்குப் போனாள். வேலைக்குப் போகிறவர்களின் பிள்ளைகளை அங்கே ஓர் ஆயா பார்த்துக்கொள்வாள். காலி வீட்டில் காலித் தொட்டிலைப் பார்த்துக்கொண்டு ஆனந்தி பகலெல்லாம் உட்கார்ந்திருந்தாள். அழுகைகூட வரவில்லை. ஒரே ஒரு பயம்தான். மறுபடி ஆடினால்? மறுபடியும் கை பைக்குத்தான் போகுமோ?

அந்த ஞாயிற்றுக்கிழமை பஞ்சாயத்திலிருந்து ஜெஸ்னா என்ற பெண் வந்து, லைன் முற்றத்தில் கிளாஸ் எடுத்தாள். பாதி மலையாளம், பாதி தமிழ்.

"சேச்சிமாரே, உருள்பொட்டல் வேற, பூகம்பம் வேற. மண்ணு சரியும்னு தோணினா ஓடணும். பூமி ஆடும்போ ஓடவே கூடாது. மேல பாருங்க."

எல்லோரும் அண்ணாந்து பார்த்தார்கள். காற்றுக்குத் தகரம் பறக்காமலிருக்க அவர்களே ஏற்றி வைத்த கற்கள், கூரை முழுக்க வரிசையாக உட்கார்ந்திருந்தன. வாசலுக்கும் எதிரே உள்ள கல்கட்டுக்கும் நடுவில் ஆறடி இடம்தான்.

"ஆடும்போ ஓடி வந்து எங்க நிப்பீங்க? இந்தக் கல்லுக்கு அடியில. அதனால உள்ளயே குனியணும், கட்டிலுக்கு அடியில போகணும், தலைய மூடணும், கட்டில் காலப் பிடிக்கணும். நின்ன பிறகு கேஸ அடைச்சு, செருப்புப் போட்டு, மெதுவா கிரவுண்டுக்கு நடக்கணும். ஒரு தடவை ஆடினா பின்னாடியே இன்னொண்ணு வரலாம்."

"கல்ல எடுத்துட்டா காத்துக்கு யாரு பதில் சொல்றது?" என்று சுருளிவேல் கேட்டான். கம்பி போட்டுக் கட்டலாம் என்றாள் ஜெஸ்னா. லைன்காரர்கள் எஸ்டேட் ஆபீஸில் கம்பி கேட்டு எழுதிக் கொடுத்தார்கள். பார்க்கலாம் என்று பதில் வந்தது. ஆனி மாதக் காற்று யாருக்காகவும் காத்திருக்காது என்பதால் கல் கூரையிலேயே இருந்தது.

ஆனந்தி மறுநாளே கட்டிலுக்கு அடியில் கை வைத்தாள். சில்வர் ஓக் பலகையில் அடித்த கனத்த கட்டில். அடியில் என்னதான் இல்லை? விறகு, உருளைக்கிழங்குச் சாக்கு, உடைந்த மிக்ஸி, யாருக்கும் சேராத ஒற்றைச் செருப்புகள். இரண்டு நாளாக வாரி வெளியே போட்டாள். பரண்மேல் இருந்த பித்தளைக் குடங்களைத் தரைக்கு இறக்கினாள். சிலிண்டரைச் சுவரோடு சேர்த்துக் கட்டினாள்.

"என்ன, வேற வீட்டுக்குக் குடி போறமா?" என்று சுருளிவேல் கிண்டல் செய்தான். அவள் முகத்தைப் பார்த்துவிட்டுப் பேச்சை நிறுத்திக்கொண்டான். டிவி வைத்திருந்த அலமாரியைச் சுவரோடு சேர்த்து ஸ்க்ரூ போட்டு முடுக்கிக் கொடுத்தான்.

அதற்குப் பிறகுதான் அந்தப் பைத்தியக்காரத்தனம் ஆரம்பித்தது. சிஞ்சுவின் துண்டை ஒரு தலையணையில் சுற்றித் தொட்டிலில் போடுவாள். அடுப்படிக்குப் போய்ப் பாத்திரம் தேய்ப்பாள். திடீரென்று தனக்குத்தானே "ஆடுது!" என்பாள். ஓடிவந்து தலையணையை எடுத்துக்கொண்டு கட்டிலுக்கு அடியில் பாய்வாள். முதல் நாள் ஒன்பது எண்ண வேண்டியிருந்தது. தொட்டிலைக் கட்டிலை ஒட்டி மாற்றிக் கட்டியதும் ஐந்தில் முடிந்தது. ஒருமுறை கதவிடுக்கில் அழகுத்தாயின் முகம் தெரிந்தது. "ஏத்தா, யாருக்குத் தாலாட்டு?" என்றாள். அன்று பைப்படிக்குப் புதுக் கதை கிடைத்திருக்கும். ஆனந்தி கவலைப்படவில்லை. புத்திக்குச் சொல்லியாகிவிட்டது, கைக்கு யார் சொல்வது என்பதுதான் அவள் கவலை. பழைய ஆணியில் பை இன்னும் தொங்கியது. அதைத் தாண்டிப் போகும்போதெல்லாம் அவள் கையைப் பின்னால் கட்டிக்கொண்டாள்.

மூன்று வாரம் ஓடியது. மோனிஷா அவளிடம் உப்பு எங்கே, தண்ணீர் வந்ததா என்பதற்கு மேல் பேசவில்லை. லீவு நாளில்கூடக் குழந்தையைத் தன் பக்கத்திலேயே வைத்துக்கொண்டாள். சிஞ்சு தவழ்ந்து அடுப்படிப் பக்கம் வந்தால் பின்னாலேயே வந்து தூக்கிக்கொண்டு போவாள். அதுதான் ஆனந்திக்குத் தாங்கவில்லை. திருடிக்குக் காவல் போடுவது போல் இருந்தது. 'அப்படி ஒரு தடவை உனக்கு வந்தாத் தெரியும்டி, அப்பக் கேக்குறேன், நீ பெத்தவதானன்னு' என்று மனசுக்குள் எத்தனையோ முறை சொல்லிப் பார்த்துக்கொண்டாள்.

அன்றும் மோனிஷாவுக்கு லீவுதான். மத்தியானம் சாப்பாடு முடிந்து, கட்டிலில் உட்கார்ந்து தலைவாரிக்கொண்டிருந்தாள். அவள் காலடியில் பாயில் உட்கார்ந்து சிஞ்சு ஒரு பிளாஸ்டிக் மூடியைக் கடித்துக்கொண்டிருந்தாள். ஆனந்தி அடுப்படியில் தட்டுக் கழுவிக்கொண்டிருந்தாள்.

முதலில் சத்தம். போன தடவை வந்த அதே சத்தம்தான், ஆனால் இது நிற்காமல் நெருங்கி வந்தது. தரை காலுக்கு அடியில் துள்ளியது. ஆனந்தி தட்டை அப்படியே விட்டுவிட்டு உள்ளறைக்குப் பாய்ந்தாள். எதிரே வந்த ஏதோ ஒன்று அவள் தோளில் மோதிக்கொண்டு வெளியே ஓடியது. அது என்னவென்று பார்க்க நேரமில்லை. பாயில் இருந்த குழந்தையை ஒரே அள்ளாக அள்ளினாள். குனிந்தாள், நுழைந்தாள், குழந்தையின் தலையைத் தன் கழுத்துக்குள் புதைத்துக்கொண்டு கட்டில் காலைப் பிடித்தாள். எண்ண மறந்துவிட்டது. "ஆத்தா, ஆத்தா" என்று மட்டும் வாய் சொல்லிக்கொண்டிருந்தது.

கூரையில் கடகடவென்று கல் உருண்டது. வாசலில் எதுவோ படாரென்று உடைந்தது. வெளியே யாரோ அலறினார்கள்.

பிறகு எல்லாம் நின்றது. சிஞ்சு அழவில்லை. மூடி இன்னும் வாயில்தான் இருந்தது.

"மோனிஷா!" ஆனந்திக்கு அப்போதுதான் புரிந்தது, தோளில் மோதியது யார் என்று. "ஏ மோனிஷா! அங்கன நிக்காத, கல்லு விழும், உள்ள வா!"

வாசலில் நிழல் தெரிந்தது. மோனிஷா சுவரைப் பிடித்துக்கொண்டு வந்தாள். பாதி வாரிய தலையில் சீப்பு அப்படியே செருகி இருந்தது. அவளுக்கு இரண்டு சாண் தள்ளித்தான் கல் விழுந்து தண்ணீர்க் குடத்தை உடைத்திருந்தது. பாவாடை முழங்கால் வரை நனைந்துவிட்டது. அவள் முதலில் பாயைப் பார்த்தாள். காலிப் பாய். அந்த ஒரு நொடியில் அவள் முகம் போன போக்கை ஆனந்தி கட்டிலுக்கு அடியிலிருந்து பார்த்தாள். அந்த முகம் அவளுக்குத் தெரியும். அன்று அழகுத்தாய் 'புள்ள எங்க' என்று கேட்டபோது தன் முகமும் இப்படித்தான் போயிருக்கும்.

"இங்க இருக்கா" என்றாள்.

மோனிஷா மண்டியிட்டுக் குனிந்து பார்த்தாள். குழந்தையைப் பார்த்தாள், ஆனந்தியைப் பார்த்தாள். 

மூன்று வாரமாகச் சொல்லிச் சொல்லிப் பார்த்த சொல் ஆனந்தியின் நாக்கில் தயாராக இருந்தது. 'நீ பெத்தவதான?' என்று கேட்டிருந்தால் யாரும் குறை சொல்ல முடியாது. ஆனால் வாயைத் திறந்தபோது வேறு ஏதோதான் வந்தது. "நான் தூக்கிக்கிருவேன்னு தெரிஞ்சுதான ஓடுன?"

நல்ல சாக்கு. ஆமாம் என்று சொல்லிவிட்டால் முடிந்தது. மோனிஷா இல்லை என்று தலையை ஆட்டினாள்.

"இல்லக்கா. எனக்கு ஒண்ணுமே தெரியல. சிஞ்சு ஞாபகமே வரல."

"எனக்கும் அன்னைக்கு அப்படித்தான் இருந்துச்சு" என்ற ஆனந்தி, சுவரோடு நகர்ந்து இடம் விட்டாள். "தலையக் குனிஞ்சு உள்ள வா. இன்னொண்ணு வந்தாலும் வரும். கல்லு உருளுறது நின்னதும் கிரவுண்டுக்குப் போவோம்."

மோனிஷா ஈரப் பாவாடையோடு தவழ்ந்து உள்ளே வந்தாள். அம்மாவைப் பார்த்ததும் சிஞ்சு மூடியைக் கீழே போட்டுவிட்டு இரண்டு கையையும் நீட்டினாள். ஆனந்தி பிடியைத் தளர்த்திக் குழந்தையை அவள் பக்கம் நீட்டினாள்.

மோனிஷா வாங்கவில்லை. "நீங்களே வச்சுக்கங்கக்கா" என்றாள். "என் கை நடுங்குது."

 ஆனந்தி குழந்தையைத் திரும்ப நெஞ்சோடு அணைத்துக்கொண்டாள்.