வண்டியில் மாற்றம் ஏதும் உண்டா?

மணி பதினொன்றாகப் பத்து நிமிடம் இருந்தது. காரின் இன்சூரன்ஸ் நள்ளிரவோடு முடிகிறது. எதையும் கடைசி நாள், கடைசி மணி வரை இழுத்தடிப்பதே அந்த வீட்டு வழக்கம் என்பதால், அப்பா இப்போதுதான் கூடத்தில் லேப்டாப்பைத் திறந்து, கண்ணாடியை மூக்கு நுனிக்கு இறக்கி, ஒற்றை விரலால் படிவத்தை நிரப்பிக்கொண்டிருந்தார்.

பக்கத்து அறையில், போர்வைக்குள், பொடிசு தூக்கமில்லாமல் புரண்டுகொண்டிருந்தாள். பதினெட்டு முடிந்து மூன்று மாதம். லைசென்ஸ் கைக்கு வந்து நான்கு நாள். அப்பாவை விட அரை அடி உயரமாக வளர்ந்தும் கடைக்குட்டி என்பதால் பொடிசு என்ற பெயர் ஒட்டிக்கொண்டே இருந்தது. இந்த வருடப் பாலிசியில் இரண்டாவது ஓட்டுநராக அவளையும் சேர்ப்பதாக அப்பா வாக்குக் கொடுத்திருந்தார்.

"அக்கா, தூங்கிட்டியா?"

"ஆமா."

"தூங்குறவ பேசுவாளா?"

"உன்னை மாதிரி தங்கச்சி இருந்தா பேசித்தான் ஆகணும். என்னடி?"

"ஒண்ணு சொல்வேன். கத்தக் கூடாது. சிரிக்கவும் கூடாது."

அக்கா சட்டென்று எழுந்து உட்கார்ந்தாள். "லவ்வா?"

"ச்சீ. கார். அப்பா வண்டி ரெண்டு மாசமா பறக்குதுல்ல?"

"ஆமா, புது ஆயில் ஊத்தினதுல இருந்து."

"ஆயில் இல்லக்கா. நான்."

தட்டுத் தடுமாறி எல்லாம் வெளியே வந்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம், அப்பா குறட்டை விட்டுக்கொண்டிருந்த நேரத்தில், லேப்டாப்பையும் ஒரு கேபிளையும் எடுத்துக்கொண்டு கீழே போயிருக்கிறாள். எஞ்சினை ஆட்டி வைக்கும் குட்டிக் கம்ப்யூட்டரில் இருந்த சாஃப்ட்வேரை எடுத்துவிட்டு வேறொன்றை ஏற்றியிருக்கிறாள். தொண்ணூறு குதிரைசக்தி நூற்றுப் பன்னிரண்டாகிவிட்டது.

கெட்ட நேரம், அதற்கு முந்தின நாள்தான் அப்பா தன் கையால் எஞ்சின் ஆயிலை மாற்றியிருந்தார். அவர் லிஃப்ட் மெக்கானிக். லிஃப்டும் காரும் அண்ணன் தம்பிதான், ஒன்று மேலே போகும், ஒன்று முன்னால் போகும், அவ்வளவுதான் வித்தியாசம் என்பது அவர் கட்சி. வண்டி பறக்கத் தொடங்கியதும் ஆயிலின் மகிமையை ஊரெல்லாம் தம்பட்டம் அடித்தார். கூட வேலை செய்யும் பதினோரு பேர் அதே ஆயிலை வாங்கி ஊற்றினார்கள். அதில் ஒருவர் தன் வண்டியும் பறப்பதாகச் சத்தியமே செய்தார்.

அக்கா தலையணையை வாயில் அடைத்துக்கொண்டு குலுங்கினாள். கட்டிலும் சேர்ந்து குலுங்கியது.

"சிரிக்காதக்கா! எட்டாவது கேள்வியே அதுதான், வண்டியில ஏதாச்சும் மாத்தியிருக்கீங்களான்னு. அப்பா இல்லைன்னு போட்டுடுவாரு. நாளைக்கு எங்கயாவது இடிச்சா கம்பெனி கையை விரிச்சிடும்."

"அப்ப சொல்லித் தொலை."

"சொன்னா என்னைச் சேர்ப்பாரா? இந்த ஜென்மத்துல சாவியைக் கண்ணால கூடப் பார்க்க முடியாது!"

கூடத்திலிருந்து அப்பாவின் குரல் வந்தது. படிப்பதை உரக்கப் படிப்பது அவர் பழக்கம். "எட்டு. வண்டியில் மாற்றம் ஏதும் செய்யப்பட்டுள்ளதா? இதெல்லாம் ஒரு கேள்வியா..."

பொடிசு பாய்ந்தாள். கூடவே வந்த போர்வை கதவில் சிக்கி, ஒரு நாற்காலியைச் சாய்த்தது. "அப்பா! கையை எடுங்க!"

அப்பா லேப்டாப்பில் பாம்பைக் கண்டவர் போல விரலை இழுத்துக்கொண்டார்.

சொல்லி முடித்தபோது சத்தம் கேட்டு அம்மாவும் வந்து நின்றிருந்தாள். அப்பா மெல்ல, "அப்போ என் ஆயில்?" என்றார்.

"நல்ல ஆயில்தான்பா."

"பதினோரு பேருக்கு நான் என்னடி பதில் சொல்லுவேன்?"

"அதை நாளைக்கு யோசிங்க," என்று அம்மா போனை எடுத்து, கம்பெனியின் உதவி எண்ணை அழுத்தி, ஸ்பீக்கரில் போட்டாள்.

மறுமுனையில் கொட்டாவியை விழுங்கிய ஒரு இளைஞன். அப்பா தொண்டையைச் செருமிக்கொண்டு விவரம் சொன்னார்.

"வேலை செஞ்சது எந்த கராஜ் சார்?"

"கராஜா? என் சின்னப் பொண்ணு. தனியா. ஒரே மதியத்துல."

பொடிசு அப்பாவின் குரலில் கோபத்தைத் தேடிப் பார்த்தாள். அகப்படவில்லை.

"தம்பி, நானும் ஒண்ணு சொல்லிடறேன்," என்று அம்மா குறுக்கிட்டாள். "பின் சீட்டுக்கு நான் வேற உறை போட்டுட்டேன்."

"சீட் உறையெல்லாம் சொல்லத் தேவையில்லைங்கம்மா."

"தேவையில்லையா? காபி கொட்டினதை மறைக்கப் போட்டது. ஆறு மாசமா வயித்துல நெருப்பைக் கட்டிட்டு இருந்தேனே!"

"காபியா?" என்றார் அப்பா.

அக்கா தரையிலேயே உட்கார்ந்துவிட்டாள். சிரித்துச் சிரித்து அவளுக்கு விக்கல் எடுத்தது.

இளைஞன் விதியைச் சொன்னான். வண்டி இப்படியே இருந்தால் அப்பாவுக்கு மட்டும்தான் பாலிசி. இருபத்தைந்து வயதுக்குக் கீழே யாரையும் சேர்க்க முடியாது. பழையபடி மாற்றினால் மகளையும் சேர்க்கலாம். ஒரு வாரத்துக்குள் கராஜில் காட்டிச் சான்றிதழ் அனுப்ப வேண்டும்.

மூன்று பேரும் அப்பாவைப் பார்த்தார்கள். மேட்டுச் சாலையில் லாரிகளை முந்தும்போதெல்லாம் விசிலடிக்கிற மனிதர்.

"நூத்திப் பன்னிரண்டு," என்றார், யாரையோ ரயிலேற்றி விடுபவர் போல. பிறகு பொடிசின் பக்கம் திரும்பினார். "பழைய சாஃப்ட்வேர் இருக்கா, தொலைச்சிட்டியா?"

"இருக்குப்பா. மூணு இடத்துல எடுத்து வெச்சிருக்கேன்."

"அப்புறம் என்ன மரம் மாதிரி நிக்கிற? கிளம்பு!"

இரவு உடையில் நால்வரும் மாடிப்படிகளில் தடதடவென்று இறங்கினார்கள். பொடிசு ஸ்டியரிங்குக்குக் கீழே கேபிளைச் செருக, அப்பா டார்ச் பிடித்தார். அம்மா போனைப் பிடித்தாள். அக்கா விக்கலுக்கு நடுவே சதவீதம் வாசித்தாள். எழுபது, எழுபத்தொன்று. "எவ்வளவு ஆச்சு?" என்று போனுக்குள்ளிருந்து இளைஞனும் துடித்தான். இப்போது அவன் குரலில் தூக்கமே இல்லை. நூறு தொட்டபோது மணி பதினொன்று நாற்பத்தேழு. அவனும் சேர்ந்து கத்தினான்.

"ரெண்டு பேர் பேரும் பாலிசியில ஏறிடுச்சு சார். பன்னிரண்டு மணியில இருந்து உங்க பொண்ணு ஓட்டலாம்."

போனை வைத்த பிறகும் மாடிக்குப் போக யாருக்கும் மனம் வரவில்லை. அப்பா சுற்றிக்கொண்டு போய் இடப்பக்கக் கதவைத் திறந்து உட்கார்ந்தார். ஓட்டுபவர் இருக்கை காலியாக இருந்தது.

"இன்னும் ஒன்பது நிமிஷம் இருக்குப்பா," என்றாள் பொடிசு.

"இருக்கட்டும். உட்கார்ந்து காத்திரு."

நால்வரும் பெல்ட் போட்டுக்கொண்டு, நின்ற வண்டியில், கல்யாண போட்டோவுக்கு உட்கார்ந்தவர்கள் போல விறைப்பாக இருந்தார்கள். கடைசிப் பத்து வினாடிகளை அக்கா எண்ணினாள். பொடிசு சாவியைத் திருப்பினாள். வண்டி தவளை போல ஒரு துள்ளு துள்ளி அணைந்தது. அம்மா வீலென்று அலறினாள். இரண்டாவது முறை, உறுமி, நகர்ந்து, காலித் தெருவுக்குள் திரும்பியது.

"மெதுவா!" அப்பா இல்லாத பிரேக்கைக் காலால் மிதித்தார்.

"அப்பா, பத்துலதான் போறேன்."

"அதைத்தான் சொல்றேன். மெதுவா!"