ஆண்டாயியின் கஞ்சி

தேயிலை விலை சரிந்து வேலை குறைந்ததும் எஸ்டேட் தொழிலாளர்களின் லயத்து வீடுகளில் எல்லோரும் கோழி வளர்க்கத் தொடங்கினார்கள். அடுத்த மாதம் பிள்ளைக் காப்பகத்தில் ஒன்பது குழந்தைகளுக்கு வயிற்றுப்போக்கு. பிள்ளைகள் தேறிவிட்டாலும், அங்கே கொடுத்த கஞ்சிமேல் சந்தேகப்பட்டுச் சமையல்காரி ஆண்டாயியை வேலையிலிருந்து நிறுத்திவிட்டார்கள்.

குழந்தைகளின் மலத்தையும் கோழி எச்சத்தையும் ஆய்வுக்கு எடுத்துப்போன கிருமி ஆய்வாளர் ஸ்ரீமதி, கோயமுத்தூரிலிருந்து நேரிலேயே வந்து தாய்மார்களிடம் சொன்னாள்.

"கிருமியோட மரபணுவை எழுத்தெழுத்தா ஒப்பிட்டுப் பார்த்தமுங்க. ரெண்டுலயும் ஒரே கிருமிதானுங்க. கோழிக்குஞ்சைத் தொட்ட கையோட பிள்ளைங்க சாப்பிட்டிருக்குதுங்க. கஞ்சி மேல தப்பில்லீங்க."

தாய்மார்களில் ரஞ்சனிதான் முதலில் ஆண்டாயி வீட்டுக்கு ஓடினாள்.

"மன்னிச்சுக்க அக்கா. எம்மவ ஒன் கஞ்சிதான் வேணும்னு அழுவுறா."

ஆண்டாயிக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தன.

"வாறேன். மொதல்ல கோழிக்குக் கூடு கட்டுங்க!"

மறுநாள் காப்பக வாசலில் சோப்போடு நின்றவளிடம் பிள்ளைகள் முண்டியடித்துக் கை நீட்டினார்கள்.