பின்னறையில் மல்லிகை வாசனை

...போகவில்லை, பினாயிலை ஊற்றி ஊற்றித் தேய்த்தும் போகவில்லை, கரிநாற்றத்துக்கு அடியிலிருந்து மல்லிகையும் சந்தனமும் இன்னும் வந்துகொண்டேதான் இருக்கின்றன, தனக்கு மட்டும்தான் வருகிறதா, இல்லை இந்த மனுஷருக்கும் வருகிறதா என்று தெரியாமல் ராணி கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். இன்சூரன்ஸ் கம்பெனி அனுப்பிய சர்வேயர் மஞ்சுநாத் ஹாலில் எரிந்துபோன ஃபிரிட்ஜையும் அதன் பின்னால் உருகிக் கிடந்த வயரையும் பார்த்துவிட்டார். அதோடு கிளம்பிவிட்டால் என்ன... தீ ஆரம்பித்தது அங்கேதான், அது சத்தியம், அதைச் சொல்ல அவளுக்கு நாக்குக் குழறவில்லை. ஆனால் மனுஷர் பின்னறைக்குள் போய் அண்ணாந்து பார்க்கிறார். ஹாலைவிட இங்கே ஏன் மேல்தளம் இவ்வளவு கறுத்திருக்கிறது, சிமெண்ட் ஏன் பாளம் பாளமாக உதிர்ந்திருக்கிறது என்று கேட்கப்போகிறார். பழைய மெத்தை, துணிமணி என்று சொல் என்றுதான் புருஷன் அய்யாசாமி சொல்லிக்கொடுத்தது. சொல்லிக்கொடுத்துவிட்டு ஹெப்பாள் பஸ்ஸைப் பிடித்து ஃபேக்டரிக்குப் போயாயிற்று. நீ பேசுனா அவங்க ரொம்பத் தோண்ட மாட்டாங்க, என்றார். வீடு அவள் பேரில், கையெழுத்து அவளுடையது, மாட்டிக்கொண்டால் யார் மாட்டிக்கொள்வது?

இன்சூரன்ஸ் எடுக்கக் கையெழுத்துப் போட்ட அன்றைக்கு அது பொய்யென்றே தோன்றவில்லை, அதுதான் இப்போது ஆச்சரியமாக இருக்கிறது... ஏஜெண்ட் காபி குடித்துக்கொண்டே, வீட்டில் தொழில் ஏதாவது நடக்கிறதா, தீப்பிடிக்கிற சாமான் வைப்பதுண்டா என்று படித்தான், அந்த நிமிஷம் இதே பின்னறையில் கூலிக்கு வரும் கெம்பம்மா ஊதுபத்திக் கட்டுகளை சென்ட் எண்ணெயில் முக்கிக்கொண்டிருந்தாள், சுவரோரம் எண்ணெய் டின்கள், சாக்கில் கரித்தூள். அய்யாசாமி இல்லை என்றார், ஏஜெண்ட் மூக்கை உறிஞ்சிச் சிரித்துவிட்டு இல்லை என்றே எழுதினான். மைசூரில் பத்தி உருட்டாத வீடு எது, இதையெல்லாம் தொழில் என்றா சொல்வார்கள், புடவைக்கும் பிள்ளைகள் ஃபீஸுக்கும் ஆகிற சின்ன வேலை... "மெத்தையாம்மா?" என்றார் மஞ்சுநாத், கன்னடம் கலந்த தமிழில். ஆமாங்க என்றாள். அவர் சுவரை விரலால் தொட்டு முகர்ந்தார். முகர்ந்தாரா, இல்லை மூக்கைத் துடைத்தாரா? "போன மாசம் இப்படித்தான் ஒரு வீடு. மாடியில பெயிண்ட் டப்பா வெச்சு யாவாரம். தீ பிடிச்சது கீழ அடுப்புல. மொதல்லயே சொல்லியிருந்தா பிரீமியம் கொஞ்சம் ஜாஸ்தி ஆகியிருக்கும், அஷ்டே. மறைச்சாங்க, ஒண்ணுமே கெடைக்கல." எதற்கு இதை என்னிடம் சொல்கிறார், தெரிந்துதான் சொல்கிறாரா, சொல்லிவிடு என்று வழி விடுகிறாரா? அஷ்டே... அவ்வளவுதானா, அவ்வளவு கொஞ்சத்துக்கா... சொல்லிவிடலாம், இப்போதே சொல்லிவிடலாம், வாய் திறந்தும்விட்டது, அதற்குள் அவர் அடுத்ததைக் கேட்டுவிட்டார், "யாருக்காவது காயமா?", "இல்லீங்க" என்று அவள் சொன்னது அவளுக்கே பிறகுதான் கேட்டது.

காயம் இல்லையா? புகை கிளம்பியதும் கெம்பம்மா ஓடி வந்துவிட்டாளே வெளியே, முற்றத்தில் நின்றாளே, ராணிதானே கத்தினாள், டின்னு, டின்னு, டின்னை எடு கெம்பம்மா என்று. நில், போகாதே என்றல்லவா கத்தியிருக்க வேண்டும்... எண்ணெய் வழிந்த கையில் தீ எப்படி ஏறியது என்பதை நினைக்கக் கூடாது. ராணியின் ஊரான ராமாபுரத்துக்குப் பக்கத்துக்காரி, பஸ் ஸ்டாண்டில் பேச்சை வைத்தே அடையாளம் கண்டு கூட்டி வந்தது. பெரியாஸ்பத்திரியில் இருந்து நேற்று அனுப்பிவிட்டார்கள், இன்றைக்கு இந்தப் பக்கம் வராதே என்று ஆள் விட்டுச் சொல்லியும் ஆயிற்று, ஆனால் கேட் கிறீச்சிடுகிறதே, யார்... முழங்கை வரைக்கும் கட்டுப் போட்டுக்கொண்டு அவள்தான். மஞ்சுநாத் திரும்பிப் பார்த்தார். "கைக்கு என்னாச்சு?" கெம்பம்மா கறுத்த மேல்தளத்தைப் பார்த்தாள், ராணியைப் பார்த்தாள். "எங்கூட்டு ஸ்டவ்வுங்க சார். பக்குனு புடிச்சிருச்சு." "இங்க வேலை பண்றீங்களா?" "இல்லீங்க. ஒரே ஊருப்பக்கம், சும்மா பாத்துட்டுப் போலாம்னு." அவர் கட்டுப்போட்ட கையையே பார்த்தார், எழுதினார், பேனாவை மூடினார். ஆபீஸிலிருந்து தகவல் வரும், அக்கம்பக்கத்திலும் கேட்க வேண்டியிருக்கும் என்றார். ஸ்கூட்டர் சத்தம் தெருமுனையில் தேய்ந்தது.

அக்கம்பக்கம் என்றால் யாரைக் கேட்பார், பக்கத்து வீட்டு ரங்கம்மாவையா, அவள் வாய் நிற்காதே... காலையிலிருந்து கெம்பம்மா சொல்லிவிடுவாளோ என்று பயந்தது போய், சொல்லவில்லையே என்பது இப்போது எதற்கு இப்படி உறுத்துகிறது? ஏஜெண்ட் கேட்ட அன்றைக்கே எல்லாம் அவள் காதில் விழுந்திருக்கிறது. "உக்காரு கெம்பம்மா, காபி போடறேன்." உட்காரவில்லை. நல்ல கையால் புடவைத் தலைப்பை இழுத்துக்கொண்டு நின்றாள். "கட்டுப் பிரிக்க நாளாகுமாமா அக்கா. இந்தக் கைய வெச்சே பாக்கெட்டாச்சும் போட்டுக் குடுப்பேன். எப்ப வரட்டும்?" எப்போது... என்ன சொல்வது, வா என்றால் எந்த வேலைக்கு வா என்பது, அப்படி ஒரு வேலை இந்த வீட்டில் நடந்ததே இல்லை என்று சற்றுமுன்தானே இரண்டு பேருமாகச் சொல்லி முடித்தார்கள். கெம்பம்மா பதிலுக்குக் காத்துக்கொண்டிருந்தாள்.